கைதட்டலுக்குப் போட்ட மாவுக்கட்டு

காலை பதினொன்று பத்துக்குத்தான் எல்லாம் கெடத் தொடங்கியது. என் மகள் விழுந்தது பதினொன்றரைக்கு. இதைக் கேட்டவர்கள் எல்லோரும் அவள் விழுந்த நேரத்தையே தொடக்கமாக எடுத்துக்கொள்கிறார்கள். விழுவது யாருக்கும் நேரும். பதினொன்று பத்துக்கு நான் செய்தது அப்படியல்ல. அது மாவுக்கட்டு போடத் தெரிந்த ஒருவன் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

மாவுக்கட்டு அறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், என் அனுபவத்திலிருந்து நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். ஏற்காட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடம் கட்டுப் போட்டேன். காபித் தோட்டத்து நிழல் மரத்தில் கிளை கழிக்க ஏறி விழுந்தவர்கள், மிளகு பறிக்கும் ஏணியிலிருந்து சரிந்தவர்கள், மழையில் படியில் வழுக்கியவர்கள் என்று எத்தனையோ பேர். நல்லபடியாக முடிந்தவை அதில் நிறைய. அவற்றைப் பற்றி உங்களுக்கு வேறு யாராவது சொல்வார்கள். ஐம்பது வயதில் நான் ஏன் வேலையை விட்டுவிட்டு வந்தேன் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

சுமதி அப்போது பத்தாம் வகுப்பு. பள்ளி ஆண்டு விழாவில் ஒரு நகைச்சுவை நாடகம். பெண்கள் பள்ளி என்பதால் ஆண் வேடமும் பெண்களே. சுமதிக்கு எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் வேடம். காபிப் பழம் பறிக்கும் நேரத்தில் வேலைக்கு டிமிக்கி கொடுப்பதற்காக, கை ஒடிந்துவிட்டதாகப் பொய் சொல்லி வலது கையில் கட்டோடு திரிகிற ரைட்டர். யாராவது வந்தால் கட்டை மாட்டிக்கொண்டு முனக வேண்டும். ஆள் போனதும் கழற்றி வைத்துவிட்டு அதே கையால் கறிச்சோறு சாப்பிட வேண்டும். நாடகமே அதுதான்.

ஆகவே கழற்றி மாட்டக்கூடிய கட்டு தேவைப்பட்டது. நாடகத்தை எழுதிய டீச்சர் அட்டையில் வெள்ளைத் துணி சுற்றிக்கொள்ளலாம் என்று சொன்னார். நான்தான் விடவில்லை. மாவுக்கட்டுக்காரன் மகள் அட்டையைக் கட்டிக்கொண்டு மேடை ஏறுவதா?

சுமதியின் கையிலேயே கட்டுப் போட்டு, காய்ந்ததும் இரண்டு பக்கமும் வெட்டி, இரண்டு ஓடுகளாக எடுத்தேன். ஒரு பக்கம் துணியால் கீல் வைத்தேன். மறுபக்கம் உள்ளடங்கினாற்போல் மூன்று அழுத்துப் பொத்தான்கள். தொளதொளவென்று இருந்தால் மேடையில் ஆடும் என்பதால் உள்ளே மெல்லிய துணி மட்டும் ஒட்டினேன், பஞ்சு வைக்கவில்லை. கையோடு கையாக உட்கார்ந்தது. பிறகு அசல் வேலை. நாலு வாரமான கட்டு எங்கெங்கே அழுக்காகும் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. எனக்குத் தெரியும். பெருவிரல் இடுக்கில் எண்ணெயும் சாம்பலும் தேய்த்தேன். முழங்கைப் பக்கம் மேசையில் ஊன்றித் தேய்ந்த மாதிரி சுரண்டினேன். டீயைச் சிந்திக் காயவிட்டேன். வெளி ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பஞ்சை ஒட்டி நூலாக இழுத்துவிட்டேன். சுமதி அதை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். அந்த அம்மா பதறிப்போய் முட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அன்று இரவு நாங்கள் இருவரும் அந்த முட்டையைச் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தோம். என் மனைவி மாரமங்கலத்தில் பள்ளி ஆசிரியை. வாரநாட்களில் அங்கேயே தங்கிவிடுவாள். இந்தக் கூத்தையெல்லாம் அவள் பார்க்கவில்லை.

விழா ஒரு வேலைநாளில். விடுதிப் பிள்ளைகளின் பெற்றோர் மாலைப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால் காலையிலேயே தொடங்கினார்கள். முதல் பாதி பிரமாதமாகப் போயிற்று. எஸ்டேட் முதலாளியான துரை வேடம் போட்ட பெண் மேடையை விட்டு இறங்கியதும், சுமதி பொத்தான்களை டப்டப்பென்று பிரித்துக் கட்டை மேசைமேல் வீசி எறிந்தாள். ஒத்திகையில் மெதுவாகத்தான் வைப்பாள். அன்று கூட்டத்தைப் பார்த்ததும் வீசிவிட்டாள். அரங்கமே எழுந்து நின்று சிரித்தது. அந்த வீச்சில் கீல் கிழிந்து, ஓர் ஓட்டின் ஓரம் உடைந்துபோனது.

இடையில் ஒரு நடனம். அந்த நேரத்தில் திரைக்குப் பின்னால் டீச்சர் என்னிடம் ஓடி வந்தார்.

"ஏனுங்க சார், ரெண்டாப் பொளந்து கெடக்குதுங்க. அடுத்த சீன்ல கைய ஆட்டுனா உழுந்துருமே. ஒரு துண்டைச் சுத்தித் தோள்ல தூளி கட்டி உட்ரலாங்களா?"

"இதுக்கு மேல கட்டைக் கழட்டற காட்சி இருக்குதுங்களா?"

"இல்லீங்க. மாட்டுனா மாட்டுனதுதான்."

"அப்ப துண்டு எதுக்குங்க? கட்டு மேல துணி சுத்துனா அசல் மாதிரி இருக்காது. நாம் பாத்துக்கறேன்."

பையில் இரண்டு பிளாஸ்டர் ரோல் வைத்திருந்தேன். கட்டு வெட்டும் கத்தரியைக் கொண்டுவரவில்லை. இங்கேதான் நீங்கள் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். பூட்டு கொண்டு போனவன் சாவியை ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டுப் போனேன். விழா முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் பத்து நிமிடத்தில் வெட்டிவிடலாம் என்று கணக்கு. உடைந்த ஓரங்கள் நேராகப் பொருந்தவில்லை. சுமதியின் கையில் ஓடுகளை வைத்து, ஒன்றன்மேல் ஒன்றை ஏற்றி அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வாளித் தண்ணீரில் ரோலை நனைத்து முழங்கை வரைக்கும் சுற்றினேன். மணி பதினொன்று பத்து. சுவரில் கடிகாரம் இருந்தது, நடனம் முடிய எவ்வளவு நேரம் என்று பார்த்துக்கொண்டே சுற்றினேன்.

கட்டுப் போட்டு முடித்தால் என்ன செய்வோம்? விரலை ஆட்டச் சொல்வோம். நகத்தை அமுக்கி விட்டு, ரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்ப்போம். வலி கூடினாலோ விரல் மரத்தாலோ எந்த நேரமானாலும் ஓடி வரச் சொல்வோம். ஆயிரக்கணக்கான கைகளுக்கு நான் அதைச் செய்திருக்கிறேன். அன்று செய்யவில்லை. அவள் நோயாளி இல்லையே. நான் செய்ததெல்லாம், ஈரம் பளபளக்காமல் இருக்க மேலே முகப்பவுடரைத் தூவி, சாம்பலைத் தேய்த்ததுதான்.

கடைசிக் காட்சியில் துரை திடீரென்று உள்ளே வருவார். ஸ்டூல்மேல் ஏறி எதையோ எட்டிக்கொண்டிருக்கும் ரைட்டர் பயந்து கீழே விழுவான். விழுகிற இடத்தில் ஒரு மெத்தை. நடனப் பெண்கள் ஆட இடம் வேண்டும் என்று அதை ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். திருப்பி வைக்க யாருக்கும் நினைவில்லை. சுமதி பலகைத் தரையில், கட்டுப் போட்ட கையின் மேலேயே விழுந்தாள்.

அலறினாள். கூட்டம் சிரித்தது. நாடகம் முழுக்க அந்த ரைட்டர் பொய்யாக அலறியவன்தானே. நான் திரையோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் சிரித்தேன். சிறிது நேரம் அவள் எழவில்லை. பிறகு எழுந்து, "துரைங்களே, இப்ப நெசமாவே ஒடிஞ்சு போச்சுங்க" என்றாள். அது வசனத்தில் இல்லாதது. எனக்கு அது தெரியும். சொந்தமாகச் சேர்த்துப் பேசுகிறாள், கெட்டிக்காரி என்று நினைத்தேன். மீதி வசனத்தையெல்லாம் அவள் பேசி முடித்தாள். குரல் வேறு மாதிரி இருந்தது. ஒத்திகையைவிட நன்றாக இருப்பதாக எனக்குப் பட்டது.

திரை இறங்கியதும் நேரே என்னிடம் வந்தாள். நெற்றியில் வியர்வை. ஒட்டு மீசை ஒரு பக்கம் தொங்கியது.

"அப்பா, நொம்ப வலிக்குதுங்கப்பா."

"பிளாஸ்டர் இறுகறப்ப சூடு குடுக்கும் கண்ணு. பத்து நிமிசத்துல ஆறிரும்."

"சூடு இல்லீங்கப்பா. உள்ள வலிக்குது."

"மேடையை விட்டு எறங்கியாச்சு சாமி. இன்னும் நடிச்சிட்டு நிக்காத."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். துரை வேடம் போட்டவள், "ரைட்டரு இன்னும் லீவு கேக்கறாருங்க" என்றாள். சுமதியும் சிரிக்க முயன்றாள்.

என் மகளிடம் நான் சொன்னது பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள். பிளாஸ்டர் இறுகும்போது சூடு வரத்தான் செய்யும். தொழில் தெரியாத அப்பனாக இருந்திருந்தால் பயந்துபோய்க் கட்டைப் பிய்த்து எறிந்திருப்பேன். எனக்குத் தொழில் தெரியும், அதனால் பதிலும் தயாராக இருந்தது. வலி என்று ஒருவர் சொல்லும்போது உங்கள் வாயில் பதில் உடனே வந்துவிட்டால், அந்தப் பதிலை நம்பாதீர்கள்.

அப்போது சிறப்பு விருந்தினர் உள்ளே வந்தார். சேலத்தில் பெரிய எலும்பு டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் வேண்டாம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மாதம் இருமுறை மலைக்கு வருவார். அவர் பக்கத்தில் நின்றுதான் பாதித் தொழிலைப் பார்த்துக்கொண்டேன். ஒருநாளும் என் வேலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்று தன் விரல்முட்டியால் சுமதியின் மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்தார்.

"யாருங்க இது போட்டது?"

"நானுங்க ஐயா."

"அடேயப்பா. எனக்கே கேஸ் ஷீட் எழுதலாம் போலத் தோணுது. பரிசு வாங்கற வரைக்கும் கழட்ட வேண்டாம், போட்டோவுல வரட்டும்."

எலும்பு டாக்டர் ஒருவர், மாவுக்கட்டுக்காரன் ஒருவன். இரண்டு பேரும் ஒரு சாண் தூரத்தில் நின்று அந்தக் கட்டைப் பார்த்தோம். அதன் நுனியில் ஐந்து விரல்கள் இருந்தன. இரண்டு பேருமே விரலைப் பார்க்கவில்லை. அவரையாவது மன்னிக்கலாம். அவருக்கு அது நாடகச் சாமான்.

மதியச் சாப்பாட்டுக்கு டாக்டர் என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். அப்படி ஒரு மேசையில் நான் உட்கார்ந்ததே இல்லை. பழைய கேஸ்களைப் பேசினோம். சுமதி பள்ளிச் சமையல்கட்டுப் பக்கம் போயிருப்பதாக யாரோ சொன்னார்கள். பிள்ளைகளோடு சாப்பிடுகிறாள் என்று இருந்துவிட்டேன். இரண்டரை மணிக்குப் பரிசளிப்பு. அவள் மேடையேறி இடது கையை நீட்டிக் கோப்பையை வாங்கினாள். அதற்கும் ஒரு கைதட்டல். நானும் தட்டினேன்.

மூன்று மணி இருக்கும். சமையல்கட்டிலிருந்து பாவாயி என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். கிளியூர்க்காரி, பள்ளிக்குச் சமைப்பவள். இரண்டு வருடம் முன்னால் மணிக்கட்டு ஒடிந்து என்னிடம்தான் கட்டுப் போட்டுக்கொண்டாள். அப்போது விரல் மரத்த மாதிரி இருக்கிறது என்று கிளியூரிலிருந்து இரண்டு முறை மேலே ஏறி வந்தாள். இரண்டு முறையும் ஒன்றுமில்லை. இரண்டாம் முறை நான் சள்ளென்று விழுந்திருக்கிறேன்.

"ஏனுங்க, கட்டுப் போடறவரே. உங்க புள்ளை சோத்தைத் தொடவே இல்லீங்க. வெரலு நீலம் பூத்துக் கெடக்குது. நகத்தை அமுத்துனா வெள்ளையாவே நிக்குதுங்க, செவப்பு வரமாட்டேங்குது. நீங்கதானுங்க எனக்கு அமுத்திப் பாக்கச் சொல்லிக் குடுத்தீங்க."

நான் ஓடினேன். சுமதி அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். விரல்கள் ஐந்தும் வீங்கி, தொட்டால் சில்லென்று இருந்தன. டாக்டரின் கார் அதற்குள் கிளம்பிப் போயிருந்தது. கத்தரிக்காக ஆஸ்பத்திரிக்கு ஆளை அனுப்பினால் போய்வர அரைமணி. அவளைத் தூக்கிக்கொண்டு போனாலும் அவ்வளவு ஆகும். இங்கேயே வெட்டுவது என்று முடிவெடுத்தேன். அன்று நான் எடுத்த ஒரே சரியான முடிவு அது. பாவாயி காய் நறுக்கும் கத்தியைக் கொடுத்தாள். ஊறுகாய்க்கு வைத்திருந்த வினிகரை வெந்நீரில் கலந்து கட்டின்மேல் ஊற்றி ஊறவிட்டு, கோடு கோடாகக் கீறினேன். இரண்டு ஓடு, அதன்மேல் ரோல், உள்ளே ஒட்டிய துணி. எவ்வளவு கெட்டியாகச் செய்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. கத்தி வழுக்கி இரண்டு இடத்தில் அவள் தோலைக் கீறிவிட்டேன். அதற்கு அவள் சத்தம் போடவில்லை.

"கத்து சாமி, கத்து" என்றாள் பாவாயி. "அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

கட்டு பிரிந்தபோது முன்கை நடுவில் வளைந்திருந்தது. நெசமாகவே ஒடிந்திருந்தது.

எங்கள் ஆஸ்பத்திரியில் வலிக்கு ஊசி போட்டு, கை அசையாமல் மட்டை வைத்துக் கட்டி, ஜீப்பில் சேலத்துக்கு இறக்கினோம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அவள் தலை என் தோளில் மோதியது. ஊசியின் மயக்கத்தில் அவள் முனகக்கூட இல்லை. போய்ச் சேரும்போது ஐந்தரை.

அங்கே இருந்த சர்ஜன் இளவயதுக்காரர். வலி கூடுகிறதா என்று விரல்களை நீட்டிப் பார்த்தார். ஊசியின் வேகத்தில் சுமதிக்கு வலி தெரியவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்:

"எப்ப விழுந்தா? வலி எப்பலேர்ந்து?"

பக்கத்தில் நர்ஸ். வாசலில் எங்கள் ஜீப் டிரைவர். என்னை மாவுக்கட்டுக்காரர் என்று அவர்களிடம் ஏற்கனவே சொல்லியாகிவிட்டது.

"மூணு மணி இருக்குங்க. உடனே கட்டைப் பிரிச்சுட்டேன்" என்றேன்.

சுமதி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

"அப்ப ரெண்டரை மணி நேரந்தான். வீக்கம் வடிய வாய்ப்பு இருக்கு. கையைத் தூக்கி வைங்க, ஒன்பது மணிக்கு வந்து பாக்கறேன்" என்று சர்ஜன் எழுதிவிட்டுப் போனார்.

பதினொன்றரை என்று சொல்லியிருந்தால் ஆறு மணி நேரம். ஆறு மணி நேரம் என்றால் காத்திருக்க மாட்டார்கள், சதையின் இறுக்கம் தளர உடனே ஆபரேஷன் செய்து கையைக் கீறித் திறந்துவிடுவார்கள். இது சர்ஜனைவிட எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வராந்தாவில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்ச் சொல்லிவிடலாம் என்று நாலைந்து முறை எழுந்தேன். சுவர் வரை போய்த் திரும்பினேன். நீங்கள் நாளைக்கு நோயாளியைக் கூட்டி வருகிறவர்களிடம் நேரம் கேட்பீர்கள். அவர்கள் குறைத்துச் சொல்வார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, வெட்கத்தில். ஆகவே கூட்டி வந்தவரிடம் கேட்டதோடு விடாதீர்கள். படுத்திருப்பவரிடம் கேளுங்கள், கூட்டி வந்தவரை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள்.

அந்த ஆபரேஷன் கடைசியில் எட்டு மணிக்குத்தான் நடந்தது. கை பிழைத்தது. கடைசி மூன்று விரல்களும் உள்பக்கம் மடங்கியபடியே நின்றுவிட்டன. சுமதி அந்த வருடம் பரீட்சை எழுதவில்லை. அடுத்த வருடம் இடது கையால் எழுதினாள். இப்போது வேலைக்குப் போகிறாள். காலையில் கிளம்பினால் மாலை வந்து சேரும்வரை எனக்கு ஒரு வேலையும் ஓடாது. காய்ச்சலா, தலைவலியா, செருப்புக் கடித்திருக்கிறதா என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க முயல்கிறேன். அன்றைக்குப் பிறகு, தனக்கு வலிக்கிறது என்று அவள் என்னிடம் ஒரு முறைகூடச் சொன்னதில்லை.

அந்த எட்டு மணியும் என்னால் வந்ததில்லை. ஏழரை மணிக்கு என் மனைவி வந்து சேர்ந்தாள். பள்ளியிலிருந்து ஆள் போய், நாடகத்தில் விழுந்ததையும் திரைக்குப் பின்னால் நடந்ததையும் சொல்லி, மாரமங்கலத்திலிருந்து பாதித் தூரம் நடந்து, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். சேலையின் ஓரமெல்லாம் செம்மண். என்னைத் தாண்டி உள்ளே போனாள். விழுந்தது மூன்று மணிக்கு, பயப்பட ஒன்றுமில்லை என்று நர்ஸ் சொல்வது வராந்தா வரை கேட்டது. சுமதியின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நேரே டூட்டி அறைக்குப் போய், சர்ஜனைக் கையோடு வராந்தாவுக்குக் கூட்டி வந்தாள். அவர் என்ன ஏதென்று புரியாமல் பேனாவோடு நின்றார். அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. வகுப்பில் பிள்ளையிடம் கேட்கிற குரலில் என்னைக் கேட்டாள்:

"இந்த டாக்டரு முன்னால சொல்லுங்க. சுமதி வலிக்குதுன்னு உங்ககிட்ட வந்து சொன்னப்ப, நீங்க என்னங்க சொன்னீங்க?"